உப்பனாற்றில் சூடான எஞ்சின்: வீட்டில் கட்டிய படகுக்குப் பழைய சாமான் பொருத்திய நிகழ்வு ஆய்வு

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் நானும் தாய்மாமாவும் சேர்ந்து 14 அடி நீளத்தில் ஒரு படகு கட்டினோம். பிளைவுட்டை வடிவத்துக்கு அறுத்து, ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் எபாக்சி பூசி, அதன்மேல் கண்ணாடி நார்த் துணி ஒட்டுகிற முறை. பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரை போட்ட கடல்தரப் பலகை. படகு கட்டியது தனிக் கதை. இந்தக் குறிப்பு, கட்டி முடித்த பிறகு அதில் ஏற்றிய சாமான்களைப் பற்றியது.

படகு புதிது. சாமான் எல்லாமே பழசு. படகின் பின்பலகையில் வெளியே மாட்டுகிற 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று, துடுப்புக் கொண்டி ஒரு ஜோடி, தண்ணீர் இறைக்கும் 12 வோல்ட் பம்ப் ஒன்று, ஒரு நங்கூரம், ஒரு விளக்கு. எஞ்சின் தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒருவரிடம் 22,000 ரூபாய்க்கு வாங்கியது. கடைசியாக ஓடி ஐந்து வருஷம் ஆகிவிட்டது என்று அவரே சொல்லித்தான் கொடுத்தார். மற்றவை மாமா வீட்டுக் கொட்டகையிலும் பழைய இரும்புக் கடையிலும் கிடைத்தவை.

மாமா தேவனாம்பட்டினத்தில் 30 வருஷத்துக்கு மேல் தொழிலுக்குப் போனவர். கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் படகில் முடித்தார். நான் ஐடிஐ ஃபிட்டர். கடலுக்குப் போவது எங்கள் திட்டத்திலேயே இல்லை. முகத்துவாரத்துக்கு உள்ளேயே, உப்பனாற்றில் சாயங்காலம் தூண்டில் போடவும் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவும்தான் இந்தப் படகு. பிள்ளைகள் ஏறுகிற படகு என்பதால் ஒவ்வொரு சாமானையும் கழற்றிப் பார்க்காமல் மாட்டுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம். அப்படியும் ஒன்று தப்பியது. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

எஞ்சின் வந்தபோது இருந்த நிலை

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன். சுற்றியது. இரண்டு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கும் கேஜ் மாட்டிக் கயிறு இழுத்தோம். ஒன்றில் 112 பிஎஸ்ஐ, மற்றதில் 108. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் உள்ளே பிஸ்டனும் ரிங்கும் பிழைத்திருக்கின்றன என்று அர்த்தம். இந்த எண்களைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு செலவு செய்யத் துணிந்தோம்.

அப்புறம் கீழே வந்தோம். கியர் பெட்டியின் அடித் திருகைத் திறந்ததும் வெளியே வந்தது தேன் நிற ஆயில் இல்லை, பால் கலந்த டீ. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எந்த வழியாகப் போனது என்று புரொப்பெல்லரைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. தண்டைச் சுற்றி தங்கூஸ் என்கிற நைலான் மீன்பிடி நரம்பு மோதிரம் மாதிரி இறுகிக் கிடந்தது, பத்துப் பதினைந்து சுற்று இருக்கும். ஓடும்போது இழுபட்டு உள்ளே போன நரம்பு ஆயில் சீலின் உதட்டை அறுத்திருந்தது. கடலூர், புதுச்சேரிக் கரையில் பழைய அவுட்போர்டு வாங்குகிறவர்கள் புரொப்பெல்லரைக் கழற்றாமல் பணம் கொடுக்கவே கூடாது. நம் தண்ணீரில் அறுந்த நரம்பு அவ்வளவு கிடக்கிறது.

சீல் இரண்டும் மாற்றினோம். புது ஆயிலை அடித் துளை வழியாக ஏற்றினோம், மேல் துளையில் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டுப் பெட்டி பாதிதான் நிரம்பும்.

ஒரு போல்ட்டுக்கு நாலு நாள்

அடிப்பகுதியைக் கழற்ற ஆறு போல்ட் எடுக்க வேண்டும். நாலு வந்தன. இரண்டு அசையவே இல்லை. அலுமினிய உடம்புக்குள் துருப்பிடிக்காத எஃகு போல்ட். நடுவே உப்புத் தண்ணீர் போனால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெள்ளை மாவாகி, இடம் பிடித்து வீங்கி, போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். எஃகு பளபளவென்று அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சம பங்கு கலந்து, சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தோம். மறுநாள் அதை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, பாட்டிலை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, கேஸ் டார்ச்சால் போல்ட்டைச் சுற்றியிருந்த அலுமினியத்தை மட்டும் சூடு காட்டினேன். அசிட்டோன் பக்கத்தில் நெருப்பு கூடாது, இதில் அவசரம் வேண்டாம். ஒரு டிகிரி சூட்டுக்கு, ஒரு மீட்டர் நீளத்தில் அலுமினியம் சுமார் 23 மைக்ரான் விரியும். அந்த எஃகு சுமார் 17 மைக்ரான்தான். அதனால் சூட்டில் துளை கொஞ்சம் அகலும். சூடு காட்டுவது, சுத்தியலால் தலையில் லேசாகத் தட்டுவது, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, கழற்றும் பக்கம் ஒரு மயிரிழை. இப்படி மூன்று நாள். நாலாவது நாள் ஒரு போல்ட் 'கிரீச்' என்று முனகிக்கொண்டே கால் சுற்று வந்தது. வந்த மரையில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது, திருநீறு மாதிரி.

இன்னொன்று தலை முறிந்தது. அதை நான் தொடவில்லை. முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனோம். மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் எல்லோருடைய ரிப்பேர் வேலையும் அந்த நாட்களில்தான் குவியும். எங்கள் போல்ட்டுக்கு எட்டு நாள் காத்திருந்தோம். முறிந்ததைத் துளைத்து எடுத்துவிட்டு, பழைய மரையின் இடத்தில் கம்பிச் சுருள் மரை போட்டுக் கொடுத்தார்.

மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ளே, இது ஓடிக் கெட்டது இல்ல, கெடந்து கெட்டது" என்றார். "கடைசி நாள் கரைக்கு வந்ததும் ஒரு டிரம் நல்ல தண்ணியில பத்து நிமிஷம் ஓட்டி இருந்தா இவ்ளோ வேலை இல்ல."

இந்த வேலை முழுக்க அந்தப் பேச்சு சரியாகவே இருந்தது. கம்ப்ரஷன் நன்றாக இருந்த எஞ்சினை உழைப்பு கெடுக்கவில்லை. கழுவாமல் நிறுத்தி வைத்த உப்புத்தான் கெடுத்திருக்கிறது.

இம்பெல்லர்: எண்ணாமல் விட்ட மூன்றாவது துண்டு

அடிப்பகுதி பிரிந்ததும் தண்ணீர் பம்ப் தெரிந்தது. அதற்குள் ரப்பர் இம்பெல்லர், ஆறு இதழ். ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினின் தலைக்கு அனுப்புவது இதுதான். ஐந்து வருஷம் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்ததில் ரப்பர் கட்டை போல இறுகியிருந்தது. மூன்று இதழ் இருந்தன, மூன்று இல்லை. பம்ப் கூட்டுக்குள் இரண்டு துண்டு கிடைத்தது.

நான் தவறிய இடம் இது. மூன்றாவது துண்டு எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். எப்போதோ வெளியே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புது இம்பெல்லரில் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டு சுற்றும் திசைக்கே திருகிக்கொண்டு உள்ளே இறக்கினேன். எஞ்சின் உடம்பு அரிக்காமல் இருக்க அதற்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே மாட்டும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்ததால் புதியது போட்டேன். உப்பனாறு மாதிரி உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடத்துக்கு அலுமினியக் கட்டிதான் பொருத்தம். நல்ல தண்ணீர் அதிகமானால் துத்தநாகத்தின் மேல் ஓடு படிந்து அது வேலை செய்வதை நிறுத்திவிடும். எந்தக் கட்டியாக இருந்தாலும் அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

கார்புரேட்டரில் அரக்கு நிறப் பசை. ஜெட் துளைகளை ஒற்றைச் செம்பு இழையால் திறந்தேன். ரப்பர் பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பரை உப்பவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். அதனால் டேங்கில் பெட்ரோலைத் தங்கவிடுவதில்லை. மிச்சமானதை அன்றைக்கே பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றிவிடுகிறோம். கலவை 50க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி. ஆயில், டிசி டபிள்யூ 3 என்று போட்டிருக்கும் அவுட்போர்டு ஆயில். மோட்டார் சைக்கிள் 2டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது.

வாசலில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை மாட்டினோம். ஏழாவது இழுப்பில் பிடித்தது. பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பென்சில் தடிமனுக்குப் பீச்சியது. தெருவே வந்து பார்த்தது. பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, எல்லாம் சரி என்று எழுதி வைத்தேன்.

முதல் ஓட்டம்

ஜூன் கடைசி, காலை ஆறரை மணி. காற்று எழும்பவில்லை. முதுநகர்க் கரையிலிருந்து சோனங்குப்பம் பக்கம் போனோம். எஞ்சினைப் பாதிக்கு மேல் திறந்து பன்னிரண்டு நிமிஷம் இருக்கும், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. வேகம் தானாகக் குறைந்தது. அப்புறம் பெயின்ட் கருகும் வாசனை. நான் திரும்பிப் பார்த்தேன். பீச்சுத் தண்ணீர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து நான் தயங்கினேன். மாமா தயங்கவில்லை, நிறுத்திவிட்டார்.

மூடியைத் தூக்கி, கையில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து சிலிண்டர் தலைமேல் நாலு சொட்டு தெளித்தார். தோசைக்கல்லில் விழுந்த மாதிரி 'சுர்' என்று போய்விட்டது.

தண்ணீர் வருகிறது, தலை கொதிக்கிறது. இது எப்படி? துடுப்புப் போட்டுத் திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதையே யோசித்தேன். வீட்டுக்கு வந்து தண்ணீர்ப் பாதையைத் தாளில் வரைந்து பார்த்ததும் பிடிபட்டது. எங்கள் எஞ்சினில் பீச்சுத் துளை தலைக்குப் போகிற வழியின் பாதியிலேயே பிரிகிறது. தண்ணீர் அதற்கும் மேலே ஏறி, தலையைச் சுற்றி, குறிப்பிட்ட சூட்டில் தானாகத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் வழியாக வெளியேற வேண்டும். பீச்சுத் தண்ணீரைப் பார்த்தால் பம்ப் வேலை செய்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். தலை குளிர்கிறதா என்று அது சொல்லாது. டிரம்மில் மெதுவாக ஓடியபோது சூடு குறைவு, அதனால் அது வெளிப்படவில்லை.

தலை மூடியைக் கழற்றினோம். மூன்றாவது இதழ் அங்கே இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் இருக்கும் குறுகலான வழியில் குறுக்கே படுத்து, பின்னால் உப்பும் சுண்ணமும் சேர்ந்து சுவர் வைத்த மாதிரி உறைந்திருந்தது. கத்தி முனையால் நெம்பித்தான் எடுத்தேன். கறுப்பு ரப்பரின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை ஓடு.

தெர்மோஸ்டாட்டையும் சும்மா விடவில்லை. அதன்மேல் 52 டிகிரி என்று பொறித்திருந்தது. நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்து அடுப்பில் ஏற்றினேன். 52இல் அசையவில்லை. 60இலும் இல்லை. 71இல் சோம்பலாகத் திறந்தது. புதியது வாங்கி, அதையும் அதே பாத்திரத்தில் சோதித்த பிறகே மாட்டினேன். தண்ணீர் ஓடும் குழிகளில் சமையல் வினிகரை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுக் கழுவினோம், மூன்று தடவை. நுரைத்து நுரைத்துச் சுண்ணம் வந்தது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் வேண்டாம், அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

கம்ப்ரஷன் மறுபடி பார்த்தோம். 110, 107. நல்ல வேளை, மாமா நிறுத்திய நேரத்தில் பெரிய சேதம் எதுவும் ஆகவில்லை.

மற்ற சாமான்கள்

துடுப்புக் கொண்டி இரண்டும் வெண்கலம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அரம் போட்டுப் பார்த்தேன். ஒன்று உள்ளே வரைக்கும் ஒரே நிறம். இன்னொன்றில் அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டு. அது பித்தளை. பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தை உப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுபோக, செம்பு மட்டும் பொறைபொறையாக நிற்கும். வைஸில் பிடித்து ஒரு தட்டுத் தட்டினேன், முறுக்கு மாதிரி உடைந்தது. லேத் அண்ணனிடம் கன் மெட்டல் என்கிற வெண்கல வகையில் ஒன்று கடைந்து வாங்கினோம். எஞ்சின் நின்ற அன்றைக்கு நாங்கள் கரை சேர்ந்தது அதை நம்பித்தான்.

பம்ப் கதையும் கிடந்து கெட்ட கதைதான். பேட்டரியில் 12.6 வோல்ட், ஆனால் பம்ப் ஓடும்போது அதன் முனையில் 10.3. மூன்று மீட்டர் வயரில் இவ்வளவு வோல்ட் காணாமல் போகக் கூடாது. உறையை உரித்தேன், உள்ளே செம்பு கரி மாதிரி கறுத்திருந்தது. ஒரு விரற்கடை வெட்டி உரித்தேன், கறுப்பு. ஒரு சாண் வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. முனையில் நுழைந்த உப்பு ஈரம், திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி இழைகளுக்கிடையே ஏறிப் போயிருக்கிறது. வெள்ளீயம் பூசிய செம்பு வயர் புதிதாகப் போட்டு, இணைப்புகளைப் பசையுள்ள சுருங்கு குழாயால் மூடினோம். இப்போது பம்ப் முனையில் 12.2. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது. பம்ப்பின் வெளியேறும் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்துக் கொண்டுபோய் இறக்கினோம், இல்லாவிட்டால் இறைத்த தண்ணீர் வந்த வழியே திரும்பி உள்ளே வந்துவிடும். விளக்கில் எல்இடி போட்டோம், அவ்வளவுதான்.

பழைய நங்கூரம் நாலு கொக்கிக் கம்பி. பாறையில் நன்றாகப் பிடிக்கும், உப்பனாற்றுச் சேற்றில் உழுதுகொண்டே வந்தது. தட்டையான அலகுள்ள ஒன்றை வாங்கி, 3 மீட்டர் சங்கிலி சேர்த்து, ஆழத்துக்கு ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுகிறோம்.

பலகையில் போட்ட ஒவ்வொரு துளையும் எனக்குக் கவலை. பிளைவுட்டின் அறுபட்ட ஓரம் தண்ணீரை உறிஞ்சும், பலகை உள்ளேயே அழுகும், மேலே பெயின்ட் அழகாக இருக்கும். அதனால் 8 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 14 மி.மீ. துளை போட்டு, அதைக் கெட்டியான எபாக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு நடுவில் 8 மி.மீ. துளைத்தோம். போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. எஞ்சின் மாட்டும் பின்பலகை 18 மி.மீ. இரண்டு சேர்ந்து 36. அதன் உயரத்தில் ஒரு பிழை இருந்தது. குட்டைத் தண்டு எஞ்சினுக்கு 15 அங்குலம் வேண்டும், நாங்கள் பதினேழு விட்டிருந்தோம். புரொப்பெல்லர் காற்றைக் குடித்து வெறுமனே சுற்றியது. இரண்டு அங்குலம் அறுத்து, அறுத்த ஓரத்துக்கு மூன்று பூச்சு எபாக்சி கொடுத்தோம்.

மிதவைக்கு முதலில் தெர்மகோல் வைக்கலாம் என்றுதான் இருந்தோம். பெட்ரோல் பட்டால் தெர்மகோல் கரைந்து பசையாகிவிடும். ஒரு துண்டின் மேல் நாலு சொட்டு விட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினேன், அவர்கள் கண்முன்னே குழி விழுந்தது. அதற்குப் பதில் மூடி இறுக்கிய ஒரு லிட்டர் காலி பாட்டில்கள் தொண்ணூறு. ஒவ்வொன்றும் முங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும். எஞ்சின் சுமார் 27 கிலோ. அந்த எடைக்கு இரும்புப் படிக்கற்களைப் பின்பலகையில் தொங்கவிட்டு, கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் படகை விளிம்பு வரை நிரப்பினோம். அணியம் மேலே நின்றது, பின்பக்கம் முங்கியது. இருபது பாட்டிலை முன்னிருக்கையிலிருந்து எடுத்துப் பின்பக்க ஓரங்களுக்கு மாற்றினோம். இரண்டாவது தடவை மட்டமாக நின்றது, மாமா ஏறி உட்கார்ந்த பிறகும். மிதவை இருக்கிறது என்பதற்காக உயிர்காப்புச் சட்டையை யாரும் கழற்றுவதில்லை. பெட்டி மூடியின் உட்புறத்தில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரக் காவல் போலீஸின் 1093 இரண்டு எண்ணையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது ஓட்டம்

ஆகஸ்ட் முதல் வாரம். அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டோம். முழுத் திறப்பில் நாற்பது நிமிஷம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையின் சூட்டைப் பார்த்து எழுதினேன். 48, 55, 60, 62, அப்புறம் கடைசி வரை 61க்கும் 63க்கும் நடுவே. கரைக்கு வந்ததும் முதல் வேலை டிரம்மில் நல்ல தண்ணீர், பத்து நிமிஷம். அது முடியாமல் யாரும் டீ குடிக்கப் போவதில்லை.

எஞ்சின் விலை போக மொத்தச் செலவு 14,300 ரூபாய். அதில் பாதி லேத் வேலையும் சீல், தெர்மோஸ்டாட் மாதிரி சின்னச் சாமான்களும். கழற்றுவதற்கு ஆன நாட்கள் மாட்டுவதற்கு ஆனதைப் போல மூன்று மடங்கு.

பத்து மணி நேரம் ஓடிய பிறகு கியர் பெட்டியின் அடித் திருகைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தோம். தேன் நிறம். மூன்றாவது இதழை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு டிரம்முக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அடுத்த இம்பெல்லர் மாற்றும் நாள் அந்த பாட்டில் மேலேயே எழுதியிருக்கிறது.